ரைசன் 2200ஜி, 2400ஜி கணினியில் புதிய கேம்கள்: ஆன்போர்டு கிராஃபிக்ஸை ஓவர்கிளாக் செய்யும் முறை

2018 பிப்ரவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி ஆகிய இரண்டு பிராசஸர்களும் இன்னும் பல மேசைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பிராசஸருக்குள்ளேயே, முதலாவதில் வேகா 8, இரண்டாவதில் வேகா 11 என்ற கிராஃபிக்ஸ் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் ஒதுக்க முடியாதவர்கள், இருக்கிற சிப்பிலிருந்தே இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கலாம். அதற்கான வழி இது. 2019இல் வந்த 3200ஜி, 3400ஜி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், எண்கள் மட்டும் சற்று மாறும்.

ஓவர்கிளாக், அதாவது சிப்பை இயல்பைவிட வேகமாக ஓட்டுவது, என்றதும் பலர் நேராகப் போய் கிராஃபிக்ஸ் கோரின் வேகத்தை (கோர் கிளாக்) ஏற்றுகிறார்கள். அது கடைசி வேலை. தனி கார்டுக்குச் சொந்தமாக வேகமான மெமரி இருக்கும். ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. மதர்போர்டில் செருகியிருக்கும் ரேமைத்தான் பிராசஸரோடு பங்கிட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-2400 ரேம் ஒரே ஒரு ஸ்டிக் (ஒற்றைச் சேனல்) போட்டிருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி தரவுதான் போய் வரும். இரண்டு ஸ்டிக் (இரட்டைச் சேனல்) போட்டால் 38.4 ஜிபி. அவற்றை 3200இல் ஓட்டினால் 51.2 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1050 போன்ற சிறிய கார்டிலேயே இது 112 ஜிபி. ரேம் ஒற்றைச் சேனலில் இருக்கும்போது கோரை 1100இலிருந்து 1500 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினாலும், கோர் தரவுக்காகக் காத்துக் கிடக்குமே தவிர நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை (ஃப்ரேம்) ஏறாது. சூடுதான் மிஞ்சும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

மதர்போர்டின் சிப்செட் (போர்டின் துணைச் சிப்) எது என்று பாருங்கள். பி350, பி450, எக்ஸ்370, எக்ஸ்470 என்றால் ஓவர்கிளாக் அமைப்புகள் எல்லாமே திறந்திருக்கும். ஏ320 என்றால் கோர் கிளாக்கை ஏற்ற வழியில்லை. ஆனால் ரேம் வேகத்தை மாற்ற அந்தப் போர்டுகள் பலவற்றில் இடம் உண்டு. இந்த வேலையின் பெரிய பலன் ரேமிலிருந்துதான் வருகிறது என்பதால் ஏ320 வைத்திருப்பவர்களும் பாதிக்கு மேல் பயன் அடையலாம்.

சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போங்கள். சேனல் எண்ணிக்கை டூயல் என்று இருக்க வேண்டும். அங்கே காட்டும் டிராம் அதிர்வெண் பாதி அளவில்தான் இருக்கும்: 3200 ரேம் என்றால் 1600, 2400 என்றால் 1200. கடையில் 3200 என்று வாங்கிய ரேம் இங்கே 1200 அல்லது 1066 என்று காட்டினால், போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், அந்த வேகத்துக்கென ரேமில் பதிந்திருக்கும் ப்ரொஃபைலை யாரும் இயக்கவில்லை என்று பொருள்.

அடுத்து, இப்போதைய நிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் வேகத்தை அளக்கும் யூனிஜின் ஹெவன் அல்லது சூப்பர்பொசிஷனை ஒருமுறை ஓட்டுங்கள். நீங்கள் ஆடும் கேமில் பெஞ்ச்மார்க் இருந்தால் அதையும் ஓட்டுங்கள். கிளாக்கையும் வெப்பநிலையையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருள் பின்னால் திறந்திருக்கட்டும். சராசரி ஃப்ரேம், மிகக் குறைந்த ஃப்ரேம், கிராஃபிக்ஸ் கிளாக், வெப்பநிலை ஆகிய நான்கையும் தாளில் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாவிட்டால் பின்னால் செய்யும் மாற்றம் பலன் தந்ததா என்று சொல்ல முடியாது.

விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வையுங்கள். பயாஸை அழிக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) மாறினால் விண்டோஸ் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாதவர்கள் முழு டிஸ்கையும் இழக்க நேரும்.

பயாஸ் மிகப் பழையது என்றால் போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள். தொடக்ககால பயாஸ்களில் ரேம் பொருத்தம் மோசமாக இருந்தது. போடும் முன், அந்தப் பதிப்பு உங்கள் பிராசஸரை ஆதரிக்கிறதா என்று குறிப்பைப் படியுங்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்; நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாது.

ரேம்: பலனில் பெரும்பகுதி இங்கேதான்

ஒரே மாதிரியான இரண்டு 8 ஜிபி ஸ்டிக், டிடிஆர்4-3200, சிஎல்16 (ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தின் அளவு). இதுதான் இந்த சிப்புக்குச் சரியான ரேம். ஏற்கெனவே ஒரு 8 ஜிபி ஸ்டிக் இருந்தால் அதே நிறுவனத்தின் அதே மாடலைத் தேடி வாங்குங்கள். கலந்து போட்டாலும் பெரும்பாலும் ஓடும்; ஆனால் இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகத்துக்கு மற்றதும் இறங்கும். 4 ஜிபியோடு 8 ஜிபி சேர்த்தால் ஒரு பகுதி இரட்டைச் சேனலிலும் மீதி ஒற்றையிலும் ஓடி, ஃப்ரேம் சீராக வராது.

நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் ஏ2, பி2 ஆகியவற்றில் செருகுங்கள். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் இரட்டைச் சேனல் கிடைக்காத போர்டுகளே அதிகம். இந்தத் தவறு மிகப் பரவலாக நடக்கிறது. புது ரேம் வாங்கியும் வேகம் ஏறவில்லை என்பவர்கள் முதலில் கேபினெட்டைத் திறந்து இதைப் பார்க்க வேண்டும்.

பயாஸில் எக்ஸ்எம்பி, டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று போர்டுக்கு ஒரு பெயரில் இருக்கும் ரேம் ப்ரொஃபைலை இயக்குங்கள். 2200ஜி, 2400ஜிக்கு ஏஎம்டி அறிவித்த உச்சம் 2933. 3200 பெரும்பாலான சிப்களில் ஓடும். அதற்கு மேல் முயல்வதில் கிடைப்பது குறைவு, தொல்லை அதிகம். ரேம் வோல்டேஜ் 1.35 வோல்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சில போர்டுகள் ப்ரொஃபைலை எடுத்துக்கொண்டு வோல்டேஜை 1.2இலேயே விட்டுவிடும்.

எக்ஸ்எம்பி இல்லாத சாதாரண 2400 அல்லது 2666 ரேமையும் ஏற்றலாம். வோல்டேஜ் 1.35, டைமிங் 16-18-18-38 அல்லது 18-20-20-40, கமாண்ட் ரேட் 2டி அல்லது கியர் டவுன் மோட் ஆன் என்று கையால் எழுதி, 2666, 2800, 2933 என்று படியாகப் போங்கள். ஹீட் ஸ்ப்ரெடர் இல்லாத ஸ்டிக்குக்கு 1.35ஐத் தாண்ட வேண்டாம்.

சேமித்துவிட்டு வெளியேறினால் கணினி இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழலாம். அது ரேமை ஒத்துப் பார்க்கும் வேலை. சில நிமிடம் பொறுங்கள். ஐந்து நிமிடம் கழிந்தும் திரை வரவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளைச் சேமித்திருக்கும் சீமாஸை அழிக்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் கிளியர் சீமாஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு ஊசிகளைப் பத்து நொடி ஸ்க்ரூடிரைவரால் இணையுங்கள். அது கிடைக்காவிட்டால் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். சீமாஸை அழித்தால் செக்யூர் பூட், எஃப்டிபிஎம் ஆகியவையும் பழைய நிலைக்குப் போகும். விண்டோஸ் 11இல் வேலரண்ட் கேம் திடீரென்று திறக்க மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மறுபடி பயாஸில் இரண்டையும் இயக்குங்கள்.

திரை வந்துவிட்டது என்பதற்காக ரேம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் போட்டு நான்கு சுற்றும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். பிழையுள்ள ரேம், கேமை மட்டும் கெடுப்பதில்லை. டிஸ்கில் எழுதும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும்.

கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்குவது

பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ் என்று ஒன்று இருக்கும். அசூஸில் அட்வான்ஸ்டு பகுதியின் என்பி கான்ஃபிகரேஷனில், எம்எஸ்ஐயில் இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸ் கான்ஃபிகரேஷனில், வேறு பலவற்றில் ஏஎம்டி சிபிஎஸ், என்பிஐஓ, ஜிஎஃப்எக்ஸ் கான்ஃபிகரேஷன் என்று உள்ளே போனால் கிடைக்கும். மோடை யுஎம்ஏ ஸ்பெசிஃபைடு என்று மாற்றினால்தான் அளவு தெரியும்.

16 ஜிபி ரேம் இருந்தால் 2 ஜிபி ஒதுக்குங்கள். 8 ஜிபி மட்டும் என்றால் 1 ஜிபியோடு நிறுத்துங்கள். அதிகம் ஒதுக்கினால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. ஒதுக்கியது போதாவிட்டால் விண்டோஸ் மீதி ரேமிலிருந்து தானே கொடுக்கும். இரண்டும் ஒரே ஸ்டிக்கில்தான் இருக்கின்றன. சில கேம்கள் தொடங்கும்போது வீடியோ மெமரி எவ்வளவு என்று பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் திறக்க மறுக்கும் அல்லது டெக்ஸ்சர் அமைப்பைப் பூட்டிவிடும். 2 ஜிபி என்பது அந்தச் சோதனையைக் கடப்பதற்காக.

கோர் கிளாக்

இப்போது கோருக்கு வரலாம். பயாஸில் ஜிஎஃப்எக்ஸ் கிளாக் ஃப்ரீக்வென்சி என்ற இடத்தில் மெகாஹெர்ட்ஸை எழுத வேண்டும். 2200ஜிக்கு இயல்பு 1100, 2400ஜிக்கு 1250, 3200ஜிக்கு 1250, 3400ஜிக்கு 1400. இதற்கான வோல்டேஜ், எஸ்ஓசி (சிப்பில் பிராசஸர் கோர்கள் தவிர்ந்த, கிராஃபிக்ஸும் அடங்கிய பகுதி) வோல்டேஜ் அல்லது ஜிஎஃப்எக்ஸ் வோல்டேஜ் என்ற பெயரில் இருக்கும். இதில் 1.2 வோல்ட்தான் எல்லை. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பிராசஸரின் வோல்டேஜ் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பி எஸ்ஓசியில் 1.35 எழுதுவது சிப்பைச் சிதைக்கும் வழி.

2200ஜியை எடுத்துக்கொண்டால், முதலில் எஸ்ஓசி 1.10 வைத்து 1250. ஓடினால் 1350. பிறகு 1.15 வைத்து 1400, 1450. கடைசியாக 1.20க்குள் 1500 வரை, 25 மெகாஹெர்ட்ஸ் படியில். ஒவ்வொரு படியிலும் ஹெவனைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பயாஸில் எழுதிய வோல்டேஜ் அப்படியே சிப்புக்குப் போவதில்லை. எச்டபிள்யூஇன்ஃபோ64இல் எஸ்ஓசி வோல்டேஜ் எஸ்விஐ2 என்ற வரி காட்டும் எண்ணையே நம்புங்கள். எக்ஸ்எம்பியை இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசியைத் தாமாகவே உயர்த்திவிடும். ஆட்டோவில் விடாமல் கையால் எழுதச் சொல்வது அதனால்தான்.

2400ஜியில் படம் வரையும் ஷேடர் அலகுகள் 704, 2200ஜியில் 512. கோர் பெரியது, மெமரி அதே அளவு. ஆகவே 2400ஜியில் கிளாக்கை ஏற்றுவதால் கிடைக்கும் பலன் சீக்கிரமே நின்றுவிடும். 1400, 1450இல் நிறுத்திக்கொள்வது நல்லது. 2200ஜியிலும் கணக்கு ஒன்றுக்கு ஒன்று இல்லை: 1100 போய் 1500 ஆவது 36 சதவீத ஏற்றம், ஃப்ரேம் அதில் பாதி ஏறினாலே நல்ல பலன்.

பிராசஸர் கோர்களை ஆட்டோவிலேயே விடுங்கள். இந்த வகைக் கணினியில் கேம் தடுமாறுவது கிராஃபிக்ஸால்தான். பிராசஸரையும் சேர்த்து ஏற்றினால் ஒரே ஹீட் சிங்க்கில் இரண்டின் சூடும் சேர்ந்து, கடைசியில் இரண்டும் இறங்கும்.

எது எதனால் கெடுகிறது

திரை ஓரிரு நொடி கறுத்து, திரும்ப வந்து, டிரைவர் டைம்அவுட் என்று செய்தி வந்தால் கோர் கிளாக்குக்கு வோல்டேஜ் போதவில்லை. 25 இறக்குங்கள், அல்லது எல்லைக்குள் இடம் இருந்தால் 0.025 வோல்ட் ஏற்றுங்கள்.

வண்ணப் புள்ளிகளும் நீண்ட முக்கோணங்களும் தெரிந்தால் கோராகவும் இருக்கலாம், ரேமாகவும் இருக்கலாம், ஏனென்றால் படம் இருப்பதே ரேமில்தான். கோரை இயல்பு கிளாக்குக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால் ரேம்தான் காரணம்.

கேம் எந்தச் செய்தியும் சொல்லாமல் மூடிக்கொள்வது, ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது பிழை வருவது, நீலத் திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொல்வது: இவை ரேமின் அடையாளங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஃப்ரேம் சரிந்தால் கிளாக்கையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் 90ஐத் தொட்டிருந்தால் குளிர்விப்புப் போதவில்லை. இந்த சிப்களின் உச்சம் 95 டிகிரி, அதை நெருங்கும்போது கிளாக் தானாக இறங்கும். வெப்பம் 75இலேயே இருக்க, கிளாக் மட்டும் இறங்கினால் மின்சார வரம்பு. ஏஎம்டி சிபிஎஸ் பகுதியில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் அல்லது சிடிடிபி என்ற இடத்தில் 35 அல்லது 45 வாட் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து 65க்கு மாற்றுங்கள்.

சராசரி ஃப்ரேம் நன்றாக இருந்தும் அடிக்கடி திக்கி நின்றால் ரேமின் கொள்ளளவு நிரம்பி, ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் பேஜ் ஃபைல் ஹார்டு டிஸ்கில் ஓடுகிறது. கேமையும் விண்டோஸையும் எஸ்எஸ்டிக்கு மாற்றாமல் எந்த ஓவர்கிளாக்கும் இதைத் தீர்க்காது.

சூடு

2200ஜியோடு வந்த ரேய்த் ஸ்டெல்த் ஹீட் சிங்க் இயல்பு வேகத்துக்குப் போதும். அறையே 35 டிகிரியில் இருக்கும் சித்திரை மாத மதியத்தில் 1500 மெகாஹெர்ட்ஸுக்கு அது திணறும். 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள விலை குறைந்த டவர் கூலர் ஒன்று போட்டால் சத்தமும் குறையும். கேமில் 80 டிகிரிக்குள் வைத்திருப்பதை இலக்காகக் கொள்ளுங்கள்.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பழைய பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். கூலரை மாற்றாவிட்டாலும் பேஸ்டை மாற்றுங்கள். கழற்றும்போது கவனம்: ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிகள் பிராசஸரில் இருக்கின்றன, பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு பிராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், ஊசி வளையும். முதலில் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, மின் இணைப்பை எடுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இடவலமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே மேலே தூக்குங்கள்.

பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. மலிவான பி350, பி450 போர்டுகளில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் மீது ஹீட் சிங்க் இருக்கும். எஸ்ஓசிக்கு மின்சாரம் தரும் பகுதி வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஆன்போர்டு கிராஃபிக்ஸை ஏற்றும்போது சுமை விழுவது அங்கேதான். கீழ்நோக்கி வீசும் ரேய்த் கூலரில் கொஞ்சம் காற்று அதன் மேல் படும். டவர் கூலருக்கு மாறினால் அதுவும் நின்றுபோகும். கேபினெட்டின் மேல்புறமோ பின்புறமோ ஒரு ஃபேன் அந்த இடத்தைத் தழுவிக் காற்றை இழுக்குமாறு வையுங்கள். அந்த இடம் வெறுமையாக இருக்கும் போர்டில் எஸ்ஓசியை 1.15க்கு மேல் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம்.

கேமுக்குள்

டிரைவரை ஏஎம்டியின் தளத்திலிருந்தே எடுங்கள். வேகாவுக்கு 2023இன் பிற்பகுதியிலிருந்து தனிக் கிளையில், அவசியமான திருத்தங்கள் மட்டும் வருகின்றன.

1920×1080இல் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 1600×900இல் பதினான்கு லட்சம். 1280×720இல் ஒன்பது லட்சம் சொச்சம். எந்த ஓவர்கிளாக்கும் தராத பலனை ரெசல்யூஷன் தரும். 900இல் தொடங்குங்கள். மெமரியை அதிகம் தின்பவை எம்எஸ்ஏஏ, நிழல்களின் தரம், ஆம்பியன்ட் அக்லூஷன், மூடுபனி. இவற்றைக் குறைத்துவிட்டு டெக்ஸ்சரை மீடியத்தில் வைக்கலாம். கேமில் எஃப்எஸ்ஆர் (ஏஎம்டியின் படம் பெரிதாக்கும் வசதி) இருந்தால் 1080 திரையில் குவாலிட்டி என்பது உள்ளே 1280×720இல் வரைந்து பெரிதாக்குவது. எஃப்எஸ்ஆர் 2க்கென்று ஒரு செலவு உண்டு, வேகா 8 போன்ற சிறிய கோரில் அது தெரியும். ஆகவே எஃப்எஸ்ஆர் போட்ட 1080, எதுவும் போடாத 900, இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரிவாடியூனர் மென்பொருளில் ஃப்ரேமை 30 அல்லது 40இல் கட்டுங்கள். 28க்கும் 50க்கும் நடுவே தாவுவதைவிட நிலையான 30 கண்ணுக்கு இதமானது. சூடும் குறையும்.

சில கேம்கள் என்ன செய்தாலும் திறக்காது. 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ரே ட்ரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வசதி சிப்பிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. வேகாவில் அது இல்லை. வாங்கும் முன் ஸ்டீம் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவையைப் படியுங்கள்.

வேறு பழைய சிப் வைத்திருப்பவர்களுக்கு

ஏஎம்டியின் ஏ10-7850கே போன்ற 2014ஆம் ஆண்டு காவேரி சிப்களில் கிராஃபிக்ஸ் கோரை இயல்பான 720 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஏற்ற முடியும். டிடிஆர்3-2133 ரேம் இரண்டு ஸ்டிக் வேண்டும். ஆனால் அவற்றுக்கான டிரைவர் 2021இன் 21.5.2 பதிப்போடு நின்றுவிட்டது. அதன் பிறகு வந்த கேம்களில் பிழை வந்தால் திருத்தம் கிடைக்காது.

இன்டெல் நான்காம் தலைமுறை, எச்டி 4600 கிராஃபிக்ஸ் என்றால் இரண்டு ஸ்டிக் டிடிஆர்3-1600 போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் குறை ஒன்றுக்காக அந்தத் தலைமுறைக்கான டைரக்ட்எக்ஸ் 12ஐ (கேம்கள் கிராஃபிக்ஸை இயக்கப் பயன்படுத்தும் இடைமுகம்) இன்டெல்லே பிந்தைய டிரைவர்களில் நிறுத்திவிட்டது. டைரக்ட்எக்ஸ் 12 மட்டும் கேட்கும் கேம் அதில் திறக்காது, கிளாக்கை எவ்வளவு ஏற்றினாலும். அந்தக் கணினிக்கு, தனி மின் இணைப்புக் கேட்காத பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் தேடுவதுதான் சரியான செலவு. வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் ஆம்பியரையும், ஸ்லிம் கேபினெட் என்றால் கார்டின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

லேப்டாப்பில் இதில் எதையும் முயல வேண்டாம், ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் இரண்டாவது ஸ்டிக் போடுவதைத் தவிர.